விளையாட்டுக் கருவிகளின் இறக்குமதி: சுங்கத் தீர்வையும் அனுப்புகூலியும்

அயல்நாட்டு வணிகரிடமிருந்து மட்டை, பந்து, அலைச்சறுக்குப் பலகை முதலிய விளையாட்டு உபகரணங்களைத் தருவிப்பவர், பொருளின் விலைக்கு மேலாக அனுப்புகூலி, இன்ஷூரன்ஸ், சுங்கத் தீர்வை, உள்நாட்டு வரி, கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணம் ஆகியவற்றையும் ஏற்க நேரிடுகிறது. இந்தியாவில் இவற்றுள் தீர்வை சம்பந்தமான விஷயங்களை 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் சுங்கத் தீர்வைச் சட்டமும் நிர்ணயிக்கின்றன.

1988 முதல் உலக நாடுகள் பலவற்றிலும் வழங்கிவரும் ஒத்திசைவு வகைப்பாட்டு முறையின்படி விளையாட்டுச் சாமான்கள் 95ஆம் அத்தியாயத்தில் 9506 என்னும் தலைப்பின்கீழ் வருகின்றன என்று பொதுவாகச் சொல்லலாமெனினும், ஆடுகளத்தில் ஒன்றாகப் புழங்கும் பொருள்கள் சுங்கச் சாவடியில் ஒன்றாக நிற்பதில்லை. டென்னிஸ் மட்டை 9506இல் அடங்கும். அதற்குக் கட்டும் நரம்பைத் தனியே வாங்கினால், அது எந்த மூலப்பொருளால் ஆனதோ அந்த அத்தியாயத்துக்குப் போய்விடும். மட்டையை வைக்கும் பை 42ஆம் அத்தியாயத்தையும், தலைக்கவசம் 65ஆம் அத்தியாயத்தையும் சேரும். சக்கரம் பூட்டிய ஸ்கேட்டிங் காலணி விளையாட்டுச் சாமானாகக் கருதப்பட, ஓட்டக்காரன் அணியும் காலணியோ வெறும் காலணியாக 64ஆம் அத்தியாயத்திலேயே நின்றுவிடுகிறது. விற்பவர் இன்வாய்ஸில் ‘ஸ்போர்ட்ஸ் ஐட்டம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதி அனுப்பும் பார்சல்கள் சாவடியில் தாமதப்படுவது இதனாலேயே.

தீர்வை பொருளின் விலைமீது மட்டும் விதிக்கப்படுவதன்று. விலையோடு இன்ஷூரன்ஸும் வழிக்கூலியும் சேர்ந்த தொகையே இந்தியாவில் மதிப்பீட்டுக்கு ஆதாரம்; ஆகவே அனுப்புகூலிக்கும் வரி கட்டுகிறோம் என்பதைப் பலர் பணம் செலுத்திய பின்னரே உணர்கின்றனர். எனினும் 2007ஆம் ஆண்டின் மதிப்பீட்டு விதிகள், விமானத்தில் வரும் சரக்குக்குக் கூலி எவ்வளவு ஆகியிருப்பினும், பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் அதனைக் கணக்கில் சேர்க்கலாகாது என்று ஒரு சலுகை அளித்துள்ளன. 2018ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் விளையாட்டுச் சாமான்களின் அடிப்படைத் தீர்வை 10இலிருந்து 20 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஜலந்தரிலும் மீரட்டிலும் உள்ள உள்நாட்டுத் தொழிலுக்கு இது அரணாகலாம். அத்தொழில் இன்னும் செய்யாத கருவியை நாடும் ஆட்டக்காரனுக்கோ இது பாரமே. ஒரு கடைக்காரர் 10,000 ரூபாய்ச் சாமானை 2,000 ரூபாய் விமானக் கூலியில் வரவழைக்கிறார் எனக் கொண்டு, இன்ஷூரன்ஸை ஒதுக்கிக் கணக்கிட்டால், 12,000 ரூபாய்க்கு 20 சதவீதமாக 2,400, அத்தீர்வையில் பத்தில் ஒரு பங்காகிய சமூக நலக் கூடுதல் வரி 240, இவை யாவும் கூடிய 14,640 ரூபாயின்மீது 5 சதவீத ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி 732, ஆக 3,372 ரூபாய் ஆகிறது. இந்தக் கடைசி வரி 2025 செப்டம்பர் 22க்கு முன் 12 சதவீதமாக இருந்தது.

தனிமனிதர் தம் உபயோகத்துக்கென அஞ்சலிலோ விமானத்திலோ தருவிக்கும் பார்சலுக்கு 9804 என்னும் தனித் தலைப்பு உண்டு. அதன் விகிதம் அடிக்கடி மாறிவருவதால் வாங்கும் நாளன்று வழக்கிலுள்ளதை விசாரித்தறிவதே உசிதம். அன்பளிப்பு என்று எழுதிவிட்டால் தீர்வை இல்லை என்ற நம்பிக்கை இன்னும் சிலரிடம் உலவுகிறது. அச்சலுகை, உயிர்காக்கும் மருந்துகளும் இராக்கியும் நீங்கலாக, 2019 டிசம்பரிலேயே ரத்தாகிவிட்டது.

அனுப்புகூலியில் எடையைவிட வடிவமே அதிகம் பேசுகிறது. பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்துக் கிடைப்பதைக் கன அளவு எடை என்பர். இதுவும் உண்மை எடையும் ஆகிய இரண்டில் எது மிகுதியோ அதற்கே கூரியர் நிறுவனங்கள் கூலி வாங்குகின்றன. கோவளம் கடலில் அலைச்சறுக்கு ஆடும் ஓர் இளைஞர் வெளிநாட்டிலிருந்து பலகை ஒன்றை வரவழைத்தால், பொதியுறையோடு ஐந்து கிலோவுக்கு மேற்படாத அது, 200, 60, 15 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் அடங்குமாயின், 36 கிலோவாகவே எண்ணப்படும். நீளம் மிகுந்தமைக்கான உபரிக் கட்டணம் வேறு. இதற்கு நேர்மாறாக, மேசைப்பந்து மட்டையில் ஒட்டும் ரப்பர் தாள் ஐம்பது கிராம் அளவினதாய், ஓர் உறையில் அடங்கிப் பறந்து வந்துவிடுகிறது. சிறிதும் தட்டையும் விலைமிக்கதும் ஆகிய பொருள்களே அயல்நாட்டுக் கொள்முதலைத் தாங்கும். பருத்தவற்றை உள்ளூரிலேயே தேடுவது நலம்.

தீர்வையை விற்பவர் முன்கூட்டியே வசூலித்துக் கட்டும் முறையும், வாங்குபவர் வாசலில் கட்டும் முறையும் வழக்கில் உள்ளன. பின்னதில் கூரியர் நிறுவனம் நமக்காக முன்பணம் கட்டியதற்கு ஒரு கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளும். சிறு பார்சல்களுக்கான விலக்குகள் பிற நாடுகளிலும் சுருங்கிவருகின்றன: அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்துவந்த தீர்வை விலக்கு 2025 ஆகஸ்ட் 29இல் முடிவுற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான மதிப்புக் கூட்டு வரி விலக்கை 2021 ஜூலையிலேயே நீக்கியிருந்தது.

அளவு பொருந்தாமலோ பழுதுற்றோ வந்த பொருளைத் திருப்பி அனுப்பினால் விற்பவர் விலையைத் தருவார். தீர்வை தானாக மீளாது. சுங்கச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, பயன்படுத்தப்படாத, அதே பொருள்தான் என்று அடையாளம் காணத்தக்க சரக்கை இரண்டாண்டுக்குள் மறு ஏற்றுமதி செய்தால் கட்டிய தீர்வையில் 98 சதவீதம் திரும்பக் கிடைக்கக்கூடும். அதற்கு இன்வாய்ஸும் தீர்வை கட்டிய சீட்டும் இன்றியமையாதவையாதலால், பொருள் உடலுக்கும் கைக்கும் ஒத்துவரும் என்பது உறுதிப்படும்வரை வாங்குவோர் அவற்றைப் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும்.