ஊட்டச்சத்துப் படிப்பு: கோவையில் ஒரு நல்ல வாய்ப்பு

பிளஸ் டூ முடித்த பெண்பிள்ளை ஊட்டச்சத்தியல் படிக்கப் போகிறேன் என்றால், "சமையல் கற்க கல்லூரி எதற்கு?" என்று கேட்கும் வீடுகள் நம் மஹல்லாக்களில் இன்னும் உண்டு. இது சமையல் வகுப்பு அல்ல. உண்ட உணவு செரித்து, ரத்தத்தில் கலந்து, எலும்பாகவும் தசையாகவும் சக்தியாகவும் மாறும் விதத்தைக் கற்பிக்கும் அறிவியல். வேதியியலும் உடலியங்கியலும் உயிர்வேதியியலும் இதன் அடித்தளம்.

கொங்கு மண்ணின் பங்கு

இத்துறையின் இந்திய வரலாறு நமக்கு மிக அருகில் தொடங்குகிறது. 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அந்தச் சிறிய ஆய்வுப் பிரிவே வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

கோவையில் தி.சு. அவினாசிலிங்கம் அவர்கள் 1957-ல் பெண்களுக்கான மனையியல் கல்லூரியை நிறுவினார். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ராஜம்மாள் பா. தேவதாஸ் அதை வளர்த்தெடுத்தார். 1988-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. இங்கு உணவு அறிவியல், ஊட்டச்சத்துப் பிரிவில் இளங்கலை முதல் முனைவர் பட்டம் வரை படிக்கலாம். ஆண் பிள்ளைகள் படிக்க விரும்பினால் பிஎஸ்ஜி கலை அறிவியல் கல்லூரி போன்ற இருபாலர் கல்லூரிகளில் விசாரிக்கலாம்.

என்ன படிக்கிறார்கள்?

முதலில் அடிப்படை. ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் தலா 4 கிலோகலோரி தரும்; ஒரு கிராம் கொழுப்பு 9 தரும். பிறகு வைட்டமின்கள், தாது உப்புகள், யாருக்கு எவ்வளவு தேவை என்ற கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். ஆணுக்கு 19 போதும். அடுத்து கர்ப்பிணி, பாலூட்டும் தாய், குழந்தை, முதியோர் ஆகியோருக்கான உணவு. கடைசியாக சர்க்கரை, சிறுநீரகம், இதய நோயாளிகளுக்கான உணவு.

இந்தக் கணக்கு நம் வீட்டுக்குள் என்ன செய்யும் என்று பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம், உணவிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. கீரையோடும் பருப்போடும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அதே இரும்பு கூடுதலாகச் சேரும். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அரிசியில் மிகக் குறைவு. கொங்குச் சமையலின் கொள்ளிலோ 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம்.

நம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியும் ஒரு நல்ல பாடம்தான். அரிசியில் குறைவாக உள்ள அமினோ அமிலத்தைப் பாசிப்பருப்பு ஈடு செய்கிறது. பருப்பில் குறைவானதை அரிசி ஈடு செய்கிறது. பகலெல்லாம் பசித்திருந்த வயிற்றுக்கு நீரும் சேர்ந்து கிடைக்கிறது. அதன் பக்கத்தில் நாம் அடுக்கும் சமோசாவும் பஜ்ஜியும் சர்பத்தும்தான் கணக்கைக் கெடுக்கின்றன.

ஜமாஅத்துக்கு ஏன் தேவை?

ரமலான் நெருங்கும்போது, இன்சுலின் போடும் பெரியவர்கள் "நோன்பு வைக்கலாமா, ஹஜ்ரத்?" என்று நம்மிடம் கேட்கிறார்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அந்தச் சட்டத்தை நாம் சொல்லலாம். ஆனால் இந்த உடல் நோன்பைத் தாங்குமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஸஹரில் என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்பதை வகுத்துத் தர உணவியல் நிபுணர் வேண்டும். அவர் கஞ்சியும் பிரியாணியும் நம் வீட்டுப் பழக்கமும் அறிந்தவராக இருந்தால், நடக்கக்கூடிய ஆலோசனையைச் சொல்வார். கைப்பேசியில் வரும் "சர்க்கரையை விரட்டும் கசாய"ங்களை நம்பி மாத்திரையை நிறுத்தும் ஆபத்தும் குறையும்.

படித்த பின்

மருத்துவமனை உணவுத்துறை, அங்கன்வாடித் திட்டங்கள், உணவுத் தொழிற்சாலை ஆய்வகங்கள், ஆசிரியர் பணி என வாய்ப்புகள் உள்ளன. முதுகலைக்குப் பின், இந்திய உணவியல் சங்கம் நடத்தும் பதிவுத் தேர்வையும் எழுதலாம். 2021-ல் வந்த துணை மருத்துவப் பணியாளர் ஆணையச் சட்டம் இத்துறையையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. சேர்வதற்குப் பொதுவாக பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் கேட்பார்கள்; விதிமுறை கல்லூரிக்குக் கல்லூரி மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் முன் நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பேணும் கல்வியைப் பிள்ளை விரும்பிக் கேட்டால் தடுக்காதீர்கள். பயனுள்ள கல்வியை நம் சந்ததிகளுக்கு வல்ல ரஹ்மான் வழங்குவானாக. ஆமீன்.