டச்சுத் தேவாலயம், ஆஸ்டின் ஃபிரையர்ஸ்

லண்டன் மாநகரின் வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் இந்தப் புராட்டஸ்டண்ட் தேவாலயத்தில் இன்றும் டச்சு மொழியில் வழிபாடு நடக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் இந்த இடம் அகுஸ்தீனியத் துறவியரின் மடம். மன்னர் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தார். அவர் மகன் ஆறாம் எட்வர்ட், 1550இல் மடத்துக் கோயிலை, சமயக் கெடுபிடிக்குத் தப்பி வந்த டச்சு, பிரெஞ்சு பேசும் புராட்டஸ்டண்ட் அயல்நாட்டாருக்குக் கொடுத்தார். அவர்களின் முதல் கண்காணிப்பாளர் யான் வாஸ்கி ஒரு போலந்துக்காரர் என்பது வேடிக்கைதான். பிரெஞ்சு பேசியவர்கள் சீக்கிரமே திரெட்நீடில் தெருவில் தனிச் சபை கண்டார்கள். கத்தோலிக்க அரசி மேரி 1553இல் பட்டத்துக்கு வந்ததும் அகதிகள் மறுபடி கப்பலேறினார்கள். அடுத்த அரசி முதலாம் எலிசபெத் காலத்தில் திரும்பினார்கள்.

1940 அக்டோபரில் ஜெர்மானியக் குண்டு கோயிலைத் தரைமட்டமாக்கியது. கோயிலின் அரிய நூல்கள் பிழைத்தன. முந்தைய நாள்தான் அவற்றை வெளியூருக்கு அனுப்பியிருந்தார்கள்!

இப்போதைய கட்டடத்துக்கு 1950இல் அடிக்கல் நாட்டியவர் 10 வயது டச்சு இளவரசி ஐரீன்.