வாட்ச்சின் முதுகு: உலோகமா, கண்ணாடியா?



விடுமுறைக்கு வந்த பேரன் தன் புது வாட்ச்சைத் திருப்பிக் காட்டினான். பின்மூடி கண்ணாடி. உள்ளே பல்சக்கரங்கள் ஓடுவதெல்லாம் தெரிந்தது. பிறகு என் அப்பாவின் எச்எம்டி ஜனதாவைக் கையில் எடுத்து, "தாத்தா, இதுக்கும் கண்ணாடி மூடி போட்டுடலாமா?" என்றான். சட்டென்று பதில் வரவில்லை. கொஞ்சம் படித்துப் பார்த்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அந்தக் காலத்தில் உலோக மூடி போட்டதற்குக் காரணம் இருந்தது. தூசியும் தண்ணீரும் வாட்ச்சுக்கு எமன். 1926-இல் ரோலக்ஸ் 'ஆய்ஸ்டர்' மாடலைக் கொண்டுவந்தபோது, பின்மூடியைத் திருகி இறுக்கித் தண்ணீரைத் தடுத்தது. இன்னொரு எதிரி காந்தம். உள்ளே இருக்கும் ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் வாட்ச் தப்பு நேரம் காட்டும். அதனால் 1956-இல் வந்த 'மில்காஸ்' வாட்ச்சில் இயந்திரத்தைச் சுற்றி இரும்பு உறை வைத்தார்கள். அது 1,000 காஸ் வரை தாங்கும். அந்த உறையில் ஒரு பக்கத்தைத் திறந்து கண்ணாடி வைத்தால் காந்தத்துக்கு வழி விட்டதுபோல் ஆகிவிடும்.

நம் நாட்டோடு தொடர்புள்ள கதையும் உண்டு. இங்கே போலோ ஆடிய பிரிட்டிஷ் அதிகாரிகளின் வாட்ச் கண்ணாடி அடிக்கடி உடைந்தது. அதற்காக 1931-இல் வந்ததுதான் 'ரிவர்சோ'. ஆடும்போது வாட்ச்சைப் புரட்டிவிட்டால் உலோக முதுகு வெளியே வந்து அடியைத் தாங்கும். அந்த முதுகில் பலர் தங்கள் பெயரைப் பொறித்துக்கொண்டார்கள்.

பிறகு ஏன் கண்ணாடி வந்தது? 1969 டிசம்பர் 25 அன்று சீக்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. சில ஆண்டுகளில் பேட்டரி வாட்ச் மலிவாகவும் துல்லியமாகவும் கிடைத்தது. நேரம் பார்க்கச் சாவி கொடுக்கும் வாட்ச் தேவைப்படவில்லை. தப்பிப் பிழைத்த நிறுவனங்கள் வேலைப்பாட்டைக் காட்டி விற்க ஆரம்பித்தன. காட்டுவதற்குக் கண்ணாடி வேண்டுமே! 2013-இல் ஒமேகா, காந்தம் ஏறாத பொருட்களில் பாகங்களைச் செய்து, கண்ணாடி முதுகோடே 15,000 காஸ் தாங்கும் வாட்ச்சைக் கொண்டுவந்தது. ஆக, காந்தத்தைச் சொல்லி இனி கண்ணாடியை மறுக்க முடியாது.

வங்கிக்காரன் கணக்கில் சொன்னால், டயல் பாஸ்புக், உள்ளே இருக்கும் இயந்திரம் லெட்ஜர். வாடிக்கையாளருக்குப் பாஸ்புக் சரியாக இருந்தால் போதும். லெட்ஜரையும் பார்க்க ஆசைப்படுபவர் கண்ணாடி முதுகு வாங்கட்டும். தப்பில்லை.

அப்பாவின் வாட்ச் விஷயம் வேறு. சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய எச்எம்டி, சாமானியர் தினமும் கட்டிக்கொள்ள வாட்ச் செய்தது. உள்ளே பளபளப்பைத் தேடினால் பெரிதாக ஒன்றும் இருக்காது. பார்க்க வேண்டியது மூடியின் மேலேயே இருக்கிறது. தாலுகா ஆபீஸ் நண்பர்கள் அப்பாவின் பெயரையும் 31-3-1984 என்று ஓய்வுபெற்ற நாளையும் அதில் பொறித்துக் கொடுத்தார்கள். மூடியை மாற்றினால் அது டிராயருக்குள் போய்விடும்.

பேரனிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். தேய்ந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தான். "இப்படியே இருக்கட்டும் தாத்தா" என்றான்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய வாட்ச் இருக்கலாம். கடைக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.