தட்டு தூக்கும் ஆண்பிள்ளை

எனக்குப் பெண் பார்த்த தரகர், “விமானக் கம்பெனியில் உத்தியோகம் என்று மட்டும் சொல்லுங்கள், தட்டு தூக்குவதைச் சொல்லாதீர்கள்” என்றார். விமானத்தில் பரிமாறும் ஸ்டூவர்ட் என்றால் ‘ஆள் ஒரு மாதிரி’ என்று ஊரில் பேச்சு. இத்தனைக்கும் இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்தது ஆண்கள்தான்.

எங்கள் தொழிலின் மூத்தவர் ஹைன்ரிக் கூபிஸ், 1912இல் ஜெர்மனியின் செப்பலின் ஆகாயக் கப்பலில் பரிமாறியவர். 1937இல் ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் தீப்பற்றி விழுந்தபோதும் அவர்தான் தலைமை ஸ்டூவர்ட். தரை நெருங்கும்வரை பொறுத்திருந்து, சன்னல் வழியே குதிக்கச் சொல்லிப் பயணிகளை விரட்டி, தானும் குதித்துப் பிழைத்தார்.

பெண்கள் வந்தது 1930இல். எலன் சர்ச் என்ற நர்ஸுக்கு விமானம் ஓட்டத்தான் ஆசை. அது கிடைக்கவில்லை. நர்ஸ்கள் கூட வந்தால் பயணிகளின் பயம் தெளியும் என்று போயிங் கம்பெனியிடம் சொல்லி உள்ளே நுழைந்தார். பிறகு அமெரிக்கக் கம்பெனிகள் இளம்பெண்களையே தேட, ஆண்களுக்குக் கதவு மெல்லச் சாத்தப்பட்டது.

1967இல் மயாமிக்காரர் செலியோ டியாஸ் பான் ஆம் விமானக் கம்பெனியில் இந்த வேலை கேட்டார். ஆண் என்பதால் இல்லை என்றார்கள். வழக்குப் போட்டார். கம்பெனி தரப்பில் சாட்சி சொல்ல வந்தவர் புகழ்பெற்ற மனநல மருத்துவர் எரிக் பெர்ன். ஸ்டூவர்ட் தன்னைவிட ஆண்மையுள்ளவனாகத் தெரிந்தால் ஆண் பயணி உள்ளுக்குள் எரிச்சல்படுவானாம், ஆண்மை குறைந்தவனாகத் தெரிந்தாலும் அவனுக்குப் பிடிக்காதாம். மீசை வைத்தாலும் குற்றம், மழித்தாலும் குற்றம்! கீழ்க்கோர்ட் இதை ஏற்றுக்கொண்டது. 1971இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு தலைகீழானது: கம்பெனியின் வேலை ஆட்களைப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பது, சொகுசெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கதவு திறந்ததும் தன்பாலீர்ப்பாளர்கள் கணிசமாகவே வந்தார்கள். அதை நான் மறுக்கவில்லை. மற்ற வேலைகளில் தெரிந்துவிட்டால் சீட்டைக் கிழிக்கும் காலம் அது. அமெரிக்க மத்திய அரசுப் பணியிலேயே 1975 வரை அவர்களுக்குத் தடை இருந்தது. வாழவிட்ட இடத்துக்கு வந்தார்கள், அவ்வளவுதான். மற்ற ஆண்களும் வந்தார்கள். அவர்கள் யார் கண்ணிலும் படவில்லை.

‘ஆள் ஒரு மாதிரி’ என்ற பேச்சுக்குப் பெரிய விலை கொடுத்தவர் ஏர் கனடா ஸ்டூவர்ட் கேத்தான் டுகாஸ். எய்ட்ஸ் ஆய்வில் அவருக்கு இட்ட குறி, கலிபோர்னியாவுக்கு வெளியே இருப்பவர் என்பதற்கான ‘ஓ’ என்ற எழுத்து. அதைப் பூஜ்யமாகப் படித்து, முதல் நோயாளி என்று கதை கட்டினார்கள். 1987இல் அந்தக் கதையைச் சொன்ன ராண்டி ஷில்ட்ஸின் புத்தகம் வந்ததும், அமெரிக்காவுக்கு நோயைக் கொண்டுவந்த ஸ்டூவர்ட் என்று பத்திரிகைகள் அலறின. பறந்து பறந்து பரப்பினான் என்று சொல்ல அவருடைய வேலை வசதியாக அமைந்தது. 2016இல் பழைய ரத்த மாதிரிகளின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், கிருமி 1970ஐ ஒட்டியே நியூயார்க்குக்கு வந்துவிட்டது என்று காட்டினார்கள். டுகாஸ் அதற்குப் பிறகுதான் வேலைக்கே சேர்ந்தார். 1984இல் இறந்தும் போனார். இன்றும் அவர் பார்த்த உத்தியோகத்தைச் சேர்க்காமல் அந்தக் கதையை யாரும் சொல்வதில்லை.