போதைப்பொருள் வழக்கில் தண்டனையைத் தீர்மானிக்கும் எடை: சட்டம் சொல்வது என்ன?

மும்பை: இருபது கிலோவுக்கு மேல் கஞ்சாவுடன் பிடிபட்டவருக்கும், ஐம்பது கிராமுக்கு மேல் மெபெட்ரோனுடன் பிடிபட்டவருக்கும் இந்தியச் சட்டம் விதிப்பது ஒரே தண்டனைதான்: குறைந்தது 10 ஆண்டுகள், அதிகபட்சம் 20 ஆண்டுகள் கடுங்காவல் சிறை, அத்துடன் ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். முன்னதைச் சுமக்க மூட்டை வேண்டும். பின்னது சட்டைப் பையில் அடங்கிவிடும். மும்பையில் 'எம்.டி.' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தப் பொடியைப் பற்றித் தாராவி, மாட்டுங்கா, செம்பூர், சுனாபட்டிப் பகுதிகளில் வாழும் பெற்றோர் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. 'சிறிய பொட்டலம்தானே' என்ற எண்ணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், அதாவது என்.டி.பி.எஸ். சட்டம், 1985 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. 1857, 1878ஆம் ஆண்டுகளின் அபினிச் சட்டங்களும் 1930ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டமும் அத்துடன் விலக்கப்பட்டன. தொடக்கத்தில், பல குற்றங்களுக்கு எடை பாராமல் 10 ஆண்டுகள் குறைந்தபட்சத் தண்டனையாக இருந்தது. சிறு அளவில் பிடிபட்டவரும் பெரிய கடத்தல்காரரும் ஒரே தட்டில் வைக்கப்பட்டனர். 2001 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் 'சிறிய அளவு', 'வணிக அளவு', இவற்றுக்கு 'இடைப்பட்ட அளவு' என்ற மூன்று படிகளை ஏற்படுத்தியது.

கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. சரஸுக்கு இந்த எல்லைகள் 100 கிராம், ஒரு கிலோ. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். கோகைனுக்கு 2 கிராம், 100 கிராம். மெபெட்ரோனுக்கு 2 கிராம், 50 கிராம். சிறிய அளவுக்கு ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

எடை என்பது தூய பொருளின் எடை மட்டுமன்று. கலப்படப் பொடியையும் சேர்த்து மொத்த எடையையே கணக்கிட வேண்டும் என்று 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தரமற்ற சரக்கு என்பதால் தண்டனை குறையும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

மெபெட்ரோன் 2015 பிப்ரவரியில்தான் இச்சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கஞ்சாச் செடியின் பூங்கொத்து தடைசெய்யப்பட்டிருக்க, பூ சேராத தனி இலை இச்சட்டத்தின் 'கஞ்சா' வரையறைக்குள் வருவதில்லை. 'பாங்' விற்பனை மாநிலச் சட்டங்களின் கீழ் அமைவது இதனால்தான்.

மீண்டும் மீண்டும் பெருங்குற்றம் புரிவோருக்கு 31-ஏ பிரிவு மரண தண்டனையைக் கட்டாயமாக்கியிருந்தது. அந்தக் கட்டாயம் அரசமைப்புக்கு முரணானது என்று 2011 ஜூனில் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அது நீதிபதியின் முடிவுக்கு உரியதாக மாறியது.

போதைப்பொருளை உட்கொள்வதும் குற்றமே. கோகைன், மார்பின், ஹெராயின் எனில் ஓராண்டு வரையும், மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரையும் சிறை விதிக்கலாம். அபராதத்துடன் விடவும் இடமுண்டு. ஆனால் பலரும் அறியாத 64-ஏ பிரிவு இங்கே முக்கியமானது. உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம்சாட்டப்பட்ட அடிமைநோயாளி, அரசு அல்லது உள்ளாட்சி அமைப்பின் மருத்துவமனையிலோ அங்கீகரிக்கப்பட்ட மையத்திலோ தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அவர்மீது வழக்கு நடத்தப்படாது. சிகிச்சையைப் பாதியில் கைவிட்டால் இந்தப் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம். ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண் உள்ளது.

'பொட்டலத்தில் என்ன இருந்தது என்றே தெரியாது' என்ற விளக்கம் எளிதில் ஏற்கப்படுவதில்லை. பொருள் ஒருவரின் வசம் இருந்ததை அரசுத் தரப்பு நிரூபித்துவிட்டால், அவர் அறிந்தே வைத்திருந்தார் என 35, 54ஆம் பிரிவுகளின்படி நீதிமன்றம் கருதிக்கொள்ளும். அறியவில்லை என ஐயத்துக்கு இடமின்றி நிரூபிப்பது குற்றம்சாட்டப்பட்டவரின் பொறுப்பு. கூலிக்குப் பொட்டலம் கொண்டுபோகும் இளைஞர்கள் அகப்பட்டுக்கொள்வது இங்கேதான். தம் அறையை இதற்குப் பயன்படுத்தத் தெரிந்தே இடமளிப்பவருக்கும் அதே தண்டனை உண்டு. சிறுவர்களைக் கொண்டு விற்கவோ கடத்தவோ செய்தால், சிறார் நீதிச் சட்டப்படி தனியாக ஏழு ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம்.

இத்தனை கடுமைக்கு ஈடாகச் சில பாதுகாப்புகளும் உள்ளன. உடற்சோதனைக்கு முன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது குற்றவியல் நடுவர் முன்னிலையில் சோதனையிடுமாறு கோரும் உரிமை ஒருவருக்கு உண்டு என அதிகாரி எடுத்துரைக்க வேண்டும். கைப்பையைச் சோதிப்பதற்கு இவ்விதி பொருந்தாது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். போதைப்பொருள் தடுப்பு அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க இயலாது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில் 2020 அக்டோபரில் வந்த தீர்ப்பு இது.

மும்பைத் தமிழருக்கு மொழி மற்றொரு தடை. பஞ்சநாமா பெரும்பாலும் மராத்தியில் எழுதப்படுகிறது. படிக்கத் தெரியாதவர் அதில் உள்ளது என்னவென்று கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடுவது நல்லது. கைதுக்கான காரணங்களைக் கைதாகுபவருக்குப் புரியும் மொழியில் எழுத்து வடிவில் தர வேண்டும் என்று, மும்பை வழக்கு ஒன்றில் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

வணிக அளவு வழக்குகளில் பிணை பெறுவது கடினம். குற்றமற்றவர் என நம்ப நியாயமான காரணமும், பிணைக்காலத்தில் குற்றம் புரியமாட்டார் என்ற நம்பிக்கையும் நீதிபதிக்கு ஏற்பட வேண்டும் என்கிறது 37ஆம் பிரிவு. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவே 180 நாட்கள் அவகாசம் உண்டு. அரசு வழக்கறிஞரின் அறிக்கையை ஏற்று நீதிமன்றம் அதை ஓராண்டு வரை நீட்டிக்கலாம். காவலில் இருப்பவர் எவராயினும், வருமானம் எவ்வளவாயினும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்திடம் இலவச வழக்கறிஞரைக் கோரலாம்.