அன்று தடை, இன்று சட்டை

கடைத்தொகுதிகளில் பாருங்கள், 'லெட் செப்பலின்' என்று எழுதிய டி-சட்டையோடு இளையர்கள் நடந்து போகிறார்கள். முடியைத் தோள்வரை வளர்த்தவர்களும் உண்டு. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தச் சட்டையில் இருக்கும் இசைக்குழுவுக்கே ஒரு காலத்தில் சிங்கப்பூருக்குள் இடம் கிடைக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா?

கதை பிரிட்டனில் தொடங்குகிறது. பீட்டில்ஸ் குழுவின் நால்வரும் நெற்றியில் முடி விழும்படி வளர்த்திருந்தார்கள். 1964 பிப்ரவரியில் அவர்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோது சுமார் 7 கோடி 30 லட்சம் பேர் பார்த்தார்கள். பாட்டோடு சேர்ந்து அந்த முடியும் உலகம் சுற்றியது. அறுபதுகள் முடிவதற்குள் ராக் இசைக்கலைஞர்களின் முடி தோளுக்கு இறங்கியது. கால்சட்டையின் அடிப்பகுதி மணிபோல் விரிந்தது. நம் வீடுகளில் அதற்கு 'ஹிப்பி' என்று ஒரே பெயர்தான்.

1965இல் தனி நாடான சிங்கப்பூர், கட்டொழுங்கை நம்பி வளர்ந்துகொண்டிருந்தது. நீண்ட முடி என்றால் போதைப்பொருள், பொறுப்பின்மை என்ற அச்சம் அரசாங்கத்துக்கு இருந்தது. முன்பக்க முடி புருவத்தைத் தொடக்கூடாது, காதை மூடக்கூடாது, சட்டைக் கழுத்துப்பட்டிக்குக் கீழே இறங்கக்கூடாது என்று அளவு வகுத்தார்கள். அளவு மீறியவர்களுக்கு அரசாங்க அலுவலகங்களில் கடைசியாகத்தான் சேவை என்று சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. அரசாங்க ஊழியர்களும் எச்சரிக்கப்பட்டார்கள்.

1970இல் சிங்கப்பூரில் பிடித்துவைக்கப்பட்ட மூன்று மலேசிய இளையர்களின் முடி காவலில் வெட்டப்பட்டது. மலேசியாவில் எதிர்ப்பு கிளம்பியது. பிரதமர் லீ குவான் இயூவின் கோலாலம்பூர் பயணமே தள்ளிப்போனது. முடி விவகாரம் இரு நாட்டு விவகாரமாகிவிட்டது!

1972இல் லெட் செப்பலின் சிங்கப்பூரில் பாட வேண்டியிருந்தது. நீண்ட முடி காரணமாக அனுமதி கிடைக்கவில்லை. நிகழ்ச்சி நடக்காமலே அவர்கள் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார்கள். அதே ஆண்டில் கிளிஃப் ரிச்சர்டின் நிகழ்ச்சியும் இதே காரணத்தால் நின்றுபோனது.

போதைப்பொருளைப் பற்றிய கவலை தவறு என்று நான் சொல்லமாட்டேன். பிள்ளை கெட்டுவிடக்கூடாது என்று பெற்றோரும் பயந்தார்கள். ஆனால் கித்தார் இசை பிடித்ததால் மட்டும் முடி வளர்த்த பையனும் அதே தராசில்தான் நிறுத்தப்பட்டான். ஒருவரின் குணத்தை முடியின் நீளத்தில் அளக்க முடியாது என்பதைப் புரிந்துகொள்ள நமக்குச் சில பத்தாண்டுகள் ஆயின.

இன்று பள்ளியிலும் தேசிய சேவையிலும் முடிக்குக் கட்டுப்பாடு உண்டு. வெளியே வந்தால் அவரவர் விருப்பம். பிடித்த தோற்றத்தைக் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அன்றைய இளையரோ அதற்காக வேலையிடத்தில் எச்சரிக்கையும், வீட்டில் திட்டும் வாங்கினார்கள்.

இந்த வாரம் உங்கள் அப்பாவிடமோ மாமாவிடமோ எழுபதுகளில் எடுத்த படம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். படத்தில் காது தெரிகிறதா, முடியில் மறைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். எப்படி இருந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கும். உட்கார்ந்து கேளுங்கள்.