மொறிஸ் மைனருக்கு மாற்று எஞ்சின் – ஒரு சிறு வரலாறு

பழைய கார் ஒன்றின் எஞ்சின் தேய்ந்து ஓய்ந்துவிட்டால் உரிமையாளருக்கு மூன்று வழிகள் உண்டு. அதே எஞ்சினைத் திருத்திப் பூட்டலாம். அதே குடும்பத்தைச் சேர்ந்த சற்றுப் பெரிய எஞ்சினைத் தேடலாம். அல்லது முற்றிலும் வேறொரு நிறுவனத்தின் எஞ்சினை உள்ளே இறக்கலாம். எது சிறந்தது என்பதை மெக்கானிக் மட்டும் தீர்மானித்துவிட முடியாது. இலங்கையில் அந்நியச் செலாவணியும் யுத்தமும் கூட அதனைத் தீர்மானித்தன. மொறிஸ் மைனரின் கதை இதற்குச் சிறந்த உதாரணமாகும்.

அந்தக் காரே மாற்று எஞ்சினோடுதான் பிறந்தது என்பது பலர் அறியாத செய்தி. அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் புதிய எஞ்சின் ஒன்றையே அதற்கென எண்ணியிருந்தார். ஆனால் 1948 இல் கார் விற்பனைக்கு வந்தபோது அதற்குள் இருந்தது மொறிஸ் எய்ட் காரின் பழைய 918 சி.சி. பக்க வால்வு எஞ்சின். 1952 இல் ஒஸ்ரின், மொறிஸ் நிறுவனங்கள் இணைந்து பி.எம்.சி. உருவாகியது. அதன்பின் ஒஸ்ரினின் 803 சி.சி. எஞ்சின் மைனருக்குள் புகுந்தது. 1956 இல் அது 948 சி.சி. ஆகவும், 1962 இல் 1098 சி.சி. ஆகவும் வளர்ந்தது. சுமார் 27 குதிரைவலுவுடன் தொடங்கிய கார் 48 குதிரைவலுவை எட்டியது. 1098 எஞ்சினோடு முன்சில்லுகளின் பிறேக் டிரம்மையும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக உயர்த்தினார்கள். எஞ்சினை மாற்றுபவர் பிறேக்கையும் மறக்கக்கூடாது என்ற பாடத்தைத் தொழிற்சாலையே கற்பித்தது எனலாம்.

எமது நாட்டில் 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கமாக இருந்தன. புதிய கார் எட்டாக்கனி, உதிரிப்பாகமும் அரிது. சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்ரன் போடுவதும், கிராங் தண்டைச் சாணை பிடிப்பதும் அக்காலத்துக் கராஜ்களின் அன்றாட வேலைகள். 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் ஜப்பானிய எஞ்சின்கள் வரத் தொடங்கின. நிசானின் 1171 சி.சி. ஏ-12 போன்றவை மைனருக்குள் இறங்கின. இதிலும் ஓர் உறவு உண்டு. 1952 இல் ஒஸ்ரினுடன் ஒப்பந்தம் செய்து அதன் கார்களை ஜப்பானில் தயாரித்ததன் மூலம் நிசான் பெற்ற தொழில் அனுபவம் சிறிதல்ல. அந்த வகையில் மைனருக்குள் வந்த ஜப்பானியர் முற்றிலும் அந்நியரல்லர்.

வேகமும் எரிபொருள் சிக்கனமும் வேண்டியவர்களுக்கு அது நல்ல தெரிவாகவே இருந்தது. ஆனால் 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டு, வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபோது கணக்கு தலைகீழாகியது. பெற்றோல் கிடைப்பது அரிதாகியது. யாழ்ப்பாணத்தின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பணியின் நிமித்தம் அத்தகைய கார்களில் நான் பலமுறை பயணித்திருக்கிறேன். பின்னால் எழும் வெண்புகையும் அதன் மணமும் அக்காலத்தவர் எவருக்கும் மறக்காது.

மண்ணெண்ணெய் எல்லா எஞ்சினுக்கும் ஒத்துவராது. எரிபொருட் கலவையை எஞ்சின் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதே இங்கு முக்கியம். அமுக்கம் கூடினால் மண்ணெண்ணெய் முறையற்று வெடித்து, எஞ்சின் தட்டத் தொடங்கும். மைனரின் 803 சி.சி. எஞ்சினும் ஒஸ்ரின் ஏ-40 சோமர்செற்றின் 1200 சி.சி. எஞ்சினும் சுமார் 7 மடங்கே அமுக்கின. நிசான் ஏ-12 அமுக்கியதோ 9 மடங்கு. பலம் குறைந்தவை என்று ஒதுக்கப்பட்ட கிழட்டு எஞ்சின்கள் இவ்வாறுதான் மீண்டும் மதிப்புப் பெற்றன. அவற்றுக்கும் சேதம் இல்லாமலில்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும், பெயரிங்குகள் தேயும். ஆனாலும் நோயாளரை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றவை அவைதான். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, நடக்கமாட்டாத முதியவர்களைச் சுமந்து அந்தச் சனத்திரளினூடே ஊர்ந்த வாகனங்களுள்ளும் அவை இருந்தன.

அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இல் தனியார் கார்களுக்கு வழி திறக்கப்படும் வரை, உள்ளதைத் திருத்தி ஓட்டுவதைத் தவிர வேறு வழி பலருக்கு இருக்கவில்லை. 2022 இல் பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 340 ரூபாவாகியது. தொண்ணூறுகளின் வைத்தியமும் இனிக் கட்டுப்படியாகாது என்பதையே இது உணர்த்தியது.

இன்று பழைய காருக்கு எஞ்சின் தேடுபவருக்கு அந்தக் கார்களின் வரலாறு சொல்வது இதுதான். குதிரைவலுவை இறுதியாகப் பாருங்கள். கியர்ப்பெட்டியும் பின் அச்சும் பிறேக்கும் புதிய பலத்தைத் தாங்குமா, உதிரிப்பாகம் பக்கத்து நகரில் கிடைக்குமா, உங்கள் ஊர் மெக்கானிக்கின் கைக்கு அது பழக்கமானதா என்று முதலில் பாருங்கள். புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுசெய்யவும் தவறாதீர்கள். நல்ல காலத்தில் எந்த எஞ்சினும் ஓடும். கெட்ட காலத்தில் எது ஓடும் என்பதை யாழ்ப்பாணத்து மைனர்களும் சோமர்செற்றுகளும் ஏற்கனவே ஓடிக் காட்டியிருக்கின்றன.